கடைமடைக்கு மறுசுழற்சி நீர்: இரண்டு நகராட்சிகள் குழாய்ச் செலவை எப்படிப் பிரித்துக்கொள்வது?

கேள்வி சுருக்கமாக இது: டெல்டாவில் ஒரு நகராட்சியிடம் பாதாளச் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் இருக்கின்றன. கிழக்கே 30 கிலோமீட்டரில் இருக்கும் இன்னொரு நகராட்சியில் நிலத்தடி நீர் உவர்ப்பு; தொழிற்பேட்டைக்கும் கட்டுமானத்துக்கும் பூங்காக்களுக்கும் தண்ணீர் வேண்டும். இரண்டும் ஒப்பந்தம் போட்டு, சுத்திகரித்த நீரைக் கொண்டுபோகக் குழாய் பதிக்கப் பணம் திரட்ட முடியுமா? செலவை எந்தக் கணக்கில் பிரிப்பது?

முடியும். ஆனால் இந்த மாதிரிப் பேச்சுவார்த்தைகள் பெரும்பாலும் "ஆயிரம் லிட்டர் என்ன விலை?" என்பதில் ஆரம்பித்து அதிலேயே முடங்கிவிடுகின்றன. முதலில் கேட்க வேண்டியது வேறு. தண்ணீர் எடுக்காத நாளுக்கு யார் பணம் கட்டுவது? கடன் கொடுப்பவர் கடைசியில் கேட்கப்போவதும் அதைத்தான்.

டெல்டாவில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். தண்ணீர் வந்துவிட்டால் வாய்க்கால் நிறைந்திருக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழைநீரை வடிய வைப்பதுதான் கவலை. அந்த ஏழெட்டு மாதம் மறுசுழற்சி நீரைக் காசு கொடுத்து வாங்க யாரும் வரிசையில் நிற்க மாட்டார்கள். தாகம் பிப்ரவரியில் தொடங்கி ஜூன் நடுவில் அடங்கிவிடும். குழாய்க்கு வாங்கிய கடன் பன்னிரண்டு மாதமும் வட்டி கேட்கும்.

இதற்கான வழி நம் ஊருக்குப் புதிதல்ல. குடிமராமத்தில் வாய்க்கால் தூர்வார ஆள் விட்டது அவரவர் நிலத்தின் அளவுக்கு. இந்த வருஷம் யார் எத்தனை தடவை மடை திறந்தார்கள் என்று யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. குழாய்க்கும் அதே கணக்கு பொருந்தும். குழாயில் எவ்வளவு கொள்ளளவைத் தனக்கென்று பிடித்து வைத்திருக்கிறாரோ அதற்கு மாதாமாதம் நிலையான கட்டணம். உண்மையில் எடுத்த தண்ணீருக்கு மின்சாரமும் மருந்தும் சேர்ந்த ஓட்டச் செலவு மட்டும். இந்த இரண்டையும் பிரிக்காமல் ஒரே விலையாக எழுதிய ஒப்பந்தம் முதல் நல்ல மழை வருஷத்திலேயே திணறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். கீழே வரும் தொகைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் மதிப்பீட்டை அதே சட்டத்தில் பொருத்திக்கொள்ளுங்கள். சுத்திகரிப்பு நிலையம் உள்ள ஊரைத் தலைமடை என்றும், வாங்கும் ஊரைக் கடைமடை என்றும் வைத்துக்கொள்வோம். குழாயின் கொள்ளளவு 10 எம்.எல்.டி., அதாவது நாளுக்கு ஒரு கோடி லிட்டர். மொத்தத் திட்டம் 60 கோடி ரூபாய். மானியம், சொந்தப் பணம் போகக் கடன் 24 கோடி. 15 வருஷம், 8.5 சதவீத வட்டி. வருஷத் தவணை சுமார் 2.89 கோடி வரும். ஆட்கள், பராமரிப்பு 1.6 கோடி, பம்பும் வடிகட்டியும் மாற்றுவதற்கான சேமிப்பு 0.6 கோடி. ஆக, ஒரு சொட்டு ஓடாவிட்டாலும் வருஷம் 5.1 கோடி செலவு நிற்கிறது. முழுக் கொள்ளளவு வருஷத்துக்கு 36.5 லட்சம் கிலோலிட்டர். வகுத்தால் கிலோலிட்டருக்கு 14 ரூபாய். ஓட்டச் செலவு 6 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 20.

"சரி, 20 ரூபாய் விலை" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கடைமடை ஊர் வருஷத்தில் 40 சதவீதம்தான் எடுத்தது. வரவு 2.92 கோடி. அதில் ஓட்டச் செலவு 88 லட்சம் போக மிச்சம் 2.04 கோடி. கடன் தவணைக்கே போதவில்லை. மொத்தத்தில் 3 கோடிக்கு மேல் துண்டு விழுகிறது. இதையே பிரித்து எழுதியிருந்தால் 5.1 கோடியும் கொள்ளளவுப் பங்குப்படி வந்து சேர்ந்திருக்கும். ஓட்டச் செலவு எடுத்த அளவுக்கு மட்டும் ஏறியிருக்கும்.

திருப்பூர் குடிநீர்த் திட்டம் இதற்குத் தமிழ்நாட்டுப் பாடம். நாளுக்கு 185 எம்.எல்.டி. கொண்டுவரும் தனியார் பங்கேற்புத் திட்டம் அது. சாயப்பட்டறைகள் நிறைய எடுக்கும், அதிக விலை கொடுக்கும், அந்த வரவில் வீடுகளுக்குக் குறைந்த விலையில் கொடுக்கலாம் என்பது அதன் அடிப்படை. எதிர்பார்த்த அளவுக்குப் பட்டறைகள் எடுக்கவில்லை. 2011 ஜனவரியில் கழிவுநீரை வெளியேற்றாத நிலையை எட்டாத பட்டறைகளை மூட உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு மீண்டும் இயங்கிய பட்டறைகள் தங்கள் தண்ணீரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டன. குழாயில் பொறியியல் கோளாறு எதுவும் இல்லை. வாங்குவார்கள் என்ற நம்பிக்கைதான் வாங்கியே ஆக வேண்டும் என்ற கையெழுத்தாக மாறாமல் நின்றது.

ஆகவே யார் வாங்குவார்கள் என்பதை முதலில் தரம் பிரியுங்கள். டெல்டாவில் நிரந்தர வாடிக்கையாளர் குறைவு. மின்நிலையங்கள் நல்ல ஆள்: 2016 மின்கட்டணக் கொள்கைப்படி, உள்ளாட்சியின் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் இருக்கும் அனல் மின்நிலையங்கள் அந்த நீரைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும், அதற்கான செலவை மின்கட்டணத்தில் ஏற்றிக்கொள்ளலாம். குத்தாலம், திருமாக்கோட்டை எரிவாயு நிலையங்கள் சுமார் 100 மெகாவாட் அளவுள்ளவை. ஒரு மெகாவாட் மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோலிட்டர் என்று வைத்தாலும் முழுத் திறனில் நாளுக்கு இரண்டரை எம்.எல்.டி.யைத் தாண்டாது, எரிவாயு குறைந்தால் அதுவும் குறையும். நாகப்பட்டினம் பனங்குடியில் திட்டமிட்டிருக்கும் புதிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை போன்ற பெரிய ஆலை வந்தால் கணக்கே மாறும். வரும் வரை அதை வரவில் எழுதாதீர்கள். சிட்கோ பேட்டைகள், பேருந்துப் பணிமனைகள், ரயில் பெட்டி கழுவுமிடம், கான்கிரீட் கலவை ஆலைகள் எல்லாம் சின்னச் சின்ன அளவுகள்.

அரிசி ஆலைகளைப் பெரிய வாடிக்கையாளராகத் திட்ட அறிக்கையில் சேர்த்துவிடுவது சுலபம். நெல் ஊறவைப்பதும் அவிப்பதும் உணவோடு சேரும் தண்ணீர். அதற்கு இந்த நீரைக் கொடுக்கவே கூடாது. உமிச் சாம்பலை நனைக்கவும், முற்றம் கழுவவும், கூடுதலாகச் சுத்தம் செய்தால் கொதிகலனுக்கும் ஆகும். அது ஆலையின் மொத்தத் தேவையில் சிறு பங்குதான்.

விவசாயிகளிடம் காசு வரும் என்று கணக்கெழுதுவதும் வேண்டாம். கலிபோர்னியாவில் மொடெஸ்டோ, டர்லாக் ஆகிய இரண்டு நகரங்களின் சுத்திகரித்த நீரை டெல் பியூர்ட்டோ என்ற பாசன நீர் மாவட்டம் வாங்கிக்கொள்கிறது. அங்கே பாதாம் தோப்புக்காரர்கள். 2014, 2015 இரண்டு வருஷமும் மத்திய அரசுக் கால்வாயிலிருந்து அவர்களுக்கு ஒதுக்கீடு பூஜ்யம். வேறு வழியில்லாத, விலை கொடுக்க முடிந்த வாடிக்கையாளர் அவர். நம் நெல் விவசாயி ஆற்றுத் தண்ணீருக்கு விலை கொடுப்பவரல்ல. பெங்களூரிலிருந்து கோலாருக்கு 440 எம்.எல்.டி. அளவில் திட்டமிட்டு ஏரிகளை நிரப்பும் கே.சி. பள்ளத்தாக்குத் திட்டம் 2018-லிருந்து ஓடுகிறது. விவசாயி காசு கொடுத்து அல்ல, கர்நாடக அரசின் சிறுபாசனத் துறையே செலவை ஏற்றதால் அது நடந்தது. அரசு அப்படி ஏற்றுக்கொண்டால் நகராட்சிகளுக்கு இடையே ஒப்பந்தத்தில் பாதி வேலை குறைந்துவிடும். ஏற்காவிட்டால் பாசனத்தை மிச்ச நீருக்கான இடமாக மட்டும் வையுங்கள், வரவாக அல்ல.

அடுத்து, தலைமடை ஊர் எவ்வளவு தர முடியும்? 2011 கணக்கெடுப்பில் கும்பகோணத்தின் மக்கள்தொகை சுமார் 1.4 லட்சம். ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர், அதில் 80 சதவீதம் சாக்கடைக்குத் திரும்பும் என்று பெருக்கினால் காகிதத்தில் 15 எம்.எல்.டி. வரும். இந்த அளவுள்ள எந்த ஊருக்கும் அறிக்கையில் இதே எண்தான் வரும். தொட்டியில் வந்து விழுவது எத்தனை வீடு இணைப்பு வாங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது; 60 சதவீத வீடுகள் என்றால் 9. இன்னொரு பொறியும் உண்டு. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மட்டம் ஏறி ஆள்நுழைவுத் தொட்டிகளிலும் குழாய் இணைப்புகளிலும் கசிந்து உள்ளே வரும், வரத்து கூடும். ஏப்ரல், மே மாதத்தில் குடிநீர் விநியோகம் குறையும், சாக்கடையும் குறையும். கேட்பவருக்குத் தேவை அதிகமான மாதத்தில் கொடுப்பவரிடம் வரத்து குறைவு. எனவே ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய அளவு ஆண்டுச் சராசரி அல்ல. ஏப்ரல் 15 முதல் மே 31 வரை, மணிக்கொரு தடவை நுழைவாயில் மீட்டரில் குறித்து எடுத்த மிகக் குறைந்த வார அளவுதான். ஒரே ஒரு கோடைக் கணக்கு இருந்தாலும் போதும், அது இல்லாமல் அறிக்கை தயாரிக்காதீர்கள்.

இப்போது முதலீட்டைப் பிரிக்கும் விதம். மக்கள்தொகைப்படி பிரிப்பது பேச எளிது, தாங்காது. பெரிய ஊர் என்பதற்காக 60 கோடியில் 60 சதவீதம், அதாவது 36 கோடி, தலைமடை ஊர் தலையில் விழும், "நம் தண்ணீரையும் கொடுத்துப் பணமும் கொடுப்பதா?" என்று மன்றத்தில் முதல் கூட்டத்திலேயே தீர்மானம் தள்ளிப்போகும். குழாயைப் பகுதி பகுதியாக வெட்டி, அந்தப் பகுதியை யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்களோ அதன்படி பிரியுங்கள். நம் எடுத்துக்காட்டில் கூடுதல் சுத்திகரிப்பும் பம்ப் அறையும் 18 கோடி. முதல் 12 கிலோமீட்டர் 16 கோடி. மீதி 18 கிலோமீட்டர், ஆற்றுக் குறுக்கீடுகளோடு, 26 கோடி. தலைமடை ஊருக்கு 2 எம்.எல்.டி. 12-வது கிலோமீட்டரில் பிரிகிறது, கடைமடைக்கு 8. முதல் இரண்டு பகுதியில் 20க்கு 80, கடைசிப் பகுதி முழுக்கக் கடைமடைக்கு. கூட்டினால் தலைமடை 6.8 கோடி, கடைமடை 53.2 கோடி. கடைமடைக்கு அதிகம்தான். ஆனால் எதற்கு எவ்வளவு என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்ட முடிகிறது, தணிக்கையிலும் நிற்கும்.

மானியத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று. 2021-ல் தொடங்கிய, நகரங்களின் குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்கான மத்திய அரசுத் திட்டமான அம்ருத் 2.0-ல் மத்தியப் பங்கு ஊரின் அளவைப் பொறுத்தது: ஒரு லட்சத்துக்குக் கீழே பாதி, ஒன்று முதல் பத்து லட்சம் வரை மூன்றில் ஒரு பங்கு. தலைமடை ஊர் கும்பகோணம் அளவில் இருந்து, கடைமடை ஊர் மயிலாடுதுறை அளவில், அதாவது 2011-ல் சுமார் 86 ஆயிரம் பேர் என்று இருந்தால், ஒரே குழாய்க்கு யார் பெயரில் விண்ணப்பம் போகிறது என்பதில் கோடிக்கணக்கில் வித்தியாசம் வரும். முழுத் திட்டத்தையும் தலைமடை பெயரில் போட்டால் 20 கோடி. கடைமடைக்கு மட்டுமான 26 கோடிப் பகுதியைக் கடைமடை பெயரில் போட்டால் அதில் 13, மீதி 34 கோடியில் 11.3, ஆக 24 கோடிக்கு மேல். ஒரே வேலை இரண்டு அறிக்கையிலும் வந்துவிடாதபடி, எந்த மைல்கல் வரை யாருடையது என்று மதிப்பீட்டிலேயே கோடு கிழித்துவிடுங்கள். எந்த ஊர் கொண்டுவந்த மானியம் எந்த ஊரின் பங்கில் கழியும் என்பதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் பின்னால் இரண்டு ஊரும் ஒரே மானியத்தைத் தம் பங்கில் கழித்துக் காட்டும். மானியத் திட்டமோ பங்கு விகிதமோ மாறினால் விண்ணப்பிக்கும் நாளின் அரசாணைப்படி இதே கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

மானியம் தவணையாகத்தான் வரும், அம்ருத் 2.0-ல் 20, 40, 40 சதவீதம். முதல் தவணை குழாய் வாங்கவே காணாது. ஒப்பந்தக்காரர் பில்லுக்கும் மானியத்துக்கும் இடையில் உள்ள மாதங்களுக்குக் குறுகிய காலக் கடன் தேவைப்படும்; அதன் வட்டியை யார் ஏற்பது என்று எழுதாததால் நின்றுபோகும் வேலைகள்தான் அதிகம். பகுதிப் பங்குப்படி இரண்டு ஊரும் ஏற்பதே வழக்கறிஞர் வேலையைக் குறைக்கும் வழி.

நீண்ட காலக் கடனுக்கு தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் போன்ற வாசல்கள் உண்டு. உள்ளாட்சி கடன் வாங்குவதற்கு 1914-ஆம் ஆண்டு உள்ளாட்சிக் கடன் சட்டப்படி அரசு அனுமதி வேண்டும். அனுமதி கேட்கும்போது கடனை நகராட்சியின் குடிநீர் மற்றும் வடிகால் நிதிக் கணக்கில் காட்டுங்கள்; வருவாய் நிதியில் கலந்தால் சொத்துவரி வரவை வைத்து இதைத் தாங்குவதுபோல் தோன்றும், கடன் கொடுப்பவருக்கு உண்மை நிலை தெரியாது. சின்ன ஊர் தனியாகக் கடன் பத்திரம் வெளியிட முடியாது, கூட்டாக முடியும் என்பதற்கு இங்கேயே முன்மாதிரி இருக்கிறது. 2002-ல் தமிழ்நாட்டின் நீர் மற்றும் சுகாதாரக் கூட்டு நிதியம் பத்துக்கும் மேற்பட்ட சிறு நகரங்களைச் சேர்த்து 30.41 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. ஒவ்வொரு ஊரும் தன் வரவில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் முதலில் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மாநில அரசு கொடுக்கும் பகிர்வு நிதியிலிருந்து பிடித்துக்கொள்ளலாம். அதற்கும் மேல் அமெரிக்க அரசின் உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் அசல் தொகையில் பாதிக்கு உத்தரவாதம் கொடுத்தது.

அந்த மூன்று அடுக்கில் முதல் இரண்டை இரண்டு ஊர் ஒப்பந்தத்திலும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கடைமடை நகராட்சி நிலையான கட்டணத்தை ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதிக்குள் எஸ்க்ரோ கணக்கில், அதாவது ஒப்பந்தத்தில் சொன்ன செலவுக்கு மட்டும் பணம் எடுக்கக்கூடிய தனிக் கணக்கில், கட்டும். 60 நாள் தாண்டினால் மாநில நிதி ஆணையப் பகிர்விலிருந்து நேரே பிடித்துக் கொடுக்க அரசாணை. ஒரு அரையாண்டுத் தவணை அளவுக்குக் காப்பு நிதி எப்போதும் கணக்கில் இருக்கும். கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில் உள்ளாட்சிகள் குடிநீர் வடிகால் வாரியத்துக்கு வைக்கும் பாக்கியைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பத்தி ஏன் வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. பாக்கிக்காகத் தண்ணீரை நிறுத்துவோம் என்று எழுதுவது வீண். எந்த ஆணையரும் செய்ய மாட்டார், மாவட்ட ஆட்சியரும் விட மாட்டார்.

தொழிற்பேட்டை ஆலைகளிடம் ஆறு மாத நிலையான கட்டணத்தை முன்வைப்பாக வாங்கிவிடுங்கள், டெண்டருக்கு முன்பே. சென்னையை ஒட்டிய ஆலந்தூரில் பாதாளச் சாக்கடைக்கு வேலை தொடங்கும் முன்பே வீட்டுக்கு 5,000 ரூபாய் வாங்கினார்கள். பணம் வந்ததைவிட, எத்தனை பேர் உண்மையாகவே சேருவார்கள் என்பது அதில் தெரிந்தது.

இதுவரை வாங்குபவரின் கடமை. கொடுப்பவருக்கும் அதே அளவு கடமை வேண்டும்: உறுதி சொன்ன அளவு, உறுதி சொன்ன தரத்தில் வராத நாளுக்கு நிலையான கட்டணம் கழியும். தரத்தை எதை வைத்து அளப்பது என்பதில் சண்டை வரும். எல்லாரும் பி.ஓ.டி. (நீரிலுள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) என்று எழுதுவார்கள், அது 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்க்கும் சோதனை. முடிவு வரும்போது தண்ணீர் போய்ச் சேர்ந்திருக்கும். தினசரி ஏற்பு-மறுப்புக்குக் கலங்கல் அளவும் குளோரின் மிச்சமும் போதும்: அனுப்பும் இடத்தில் கலங்கல் 5 என்.டி.யூ.வுக்குள் (கலங்கலை அளக்கும் அலகு), சேரும் இடத்தில் குளோரின் மிச்சம் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் குறையாமல், இரண்டும் தானியங்கி மானியில். பி.ஓ.டி., கோலிஃபார்ம், கரைந்த உப்பு ஆகியவை மாதாந்திரச் சோதனையில். உப்புக்குத் தனிக் கவனம் வேண்டும். கடலோரம் போகப் போக உவர்நீர் சாக்கடைக் குழாய்க்குள் கசிகிறது. சாதாரண சுத்திகரிப்பு உப்பைத் தொடாது. குறைந்த உப்பு வேண்டும் என்று தலைமடையிலேயே ஆர்.ஓ. வைத்தால் கால்பங்குக்கு மேல் கழிவாகும். அந்த உப்புநீரை விட டெல்டாவின் உள்நாட்டில் இடம் கிடையாது. உப்பு குறைவாக வேண்டிய ஆலை தன் வாசலில் வைத்துக்கொள்ளட்டும்.

மீட்டர் இரண்டு வேண்டும், அனுப்பும் இடத்தில் ஒன்று, வாங்கும் இடத்தில் ஒன்று, இரண்டும் மின்காந்த வகை. ஒன்றாம் தேதி இரு ஊர் உதவிப் பொறியாளரும் சேர்ந்து படித்துக் கையெழுத்திட வேண்டும். வித்தியாசம் 3 சதவீதம் வரை இருவரும் பங்கு. அதற்கு மேல் குழாயைப் பராமரிப்பவர் கணக்கு. மீட்டருக்கு முன்னால் குழாய் விட்டத்தில் ஐந்து மடங்காவது நேர்நீளம் விடாமல், வளைவுக்குப் பக்கத்திலேயே பொருத்திவிட்டு, பிறகு வருஷம் முழுக்கப் படிப்பு ஒத்துவரவில்லை என்று கடிதம் எழுதுவது வழக்கமான கதை.

குழாய் அளவு வெறும் பொறியியல் விஷயமில்லை, பங்குச் சண்டையும்கூட. 10 எம்.எல்.டி.யை 20 மணி நேரத்தில் அனுப்பினால் மணிக்கு 500 கிலோலிட்டர். 450 மில்லிமீட்டர் ஹெச்.டி.பி.இ. பிளாஸ்டிக், பி.என். 10 (10 பார் அழுத்தத்துக்கான) குழாயில் கிலோமீட்டருக்கு சுமார் 2.6 மீட்டர் நீர்மட்ட உயர அழுத்தம் உராய்விலேயே போகும். 30 கிலோமீட்டருக்கு 79. 500 மில்லிமீட்டரில் 1.6, மொத்தம் 48-க்குள். நிலச் சரிவை விட்டுவிட்டுப் பார்த்தாலும் கிலோலிட்டருக்கு 0.13 யூனிட் மின்சாரம் மிச்சம். முழு ஓட்டத்தில் நாளுக்கு 1,300 யூனிட். யூனிட் எட்டரை ரூபாய் என்றால் வருஷம் நாற்பது லட்சத்துக்குப் பக்கம். அதோடு, மின்சாரம் திடீரென்று போகும்போது வரும் நீரடி அதிர்ச்சியைத் தாங்க, அதிக அழுத்தத்தில் ஓடும் சின்னக் குழாயில் இடம் குறைவு. கொள்முதல் செலவைக் குறைக்கச் சின்னக் குழாய் கேட்பவர் பெரும்பாலும் மின்கட்டணம் கட்டாத ஊர்க்காரராக இருப்பார். மின்கட்டணம் ஓட்டச் செலவில், எடுப்பவர் தலையில் என்று எழுதியிருந்தால் இந்த வாதம் தானே அடங்கும்.

பெரிய குழாய்க்கும் ஒரு விலை உண்டு. 500 மில்லிமீட்டர் குழாய் 30 கிலோமீட்டருக்குள் சுமார் 46 லட்சம் லிட்டர் பிடிக்கும். முழு ஓட்டத்தில் ஒன்பது மணி நேரத்தில் கடந்துவிடும். மழை மாதத்தில் 2 எம்.எல்.டி. மட்டும் எடுத்தால் இரண்டு நாளுக்கு மேல் உள்ளேயே கிடக்கும். குளோரின் தீர்ந்து, சுவரில் வழுவழுப்பு படிந்து, திறந்தால் அழுகிய முட்டை வாடை. அதனால் எடுக்காத மாதங்களிலும் வாரத்துக்கு ஒருமுறை குழாயை முழுவதும் கழுவி விடும் அளவு தண்ணீர் ஓட வேண்டும். அந்த மின்செலவு நிலையான கட்டணத்தில் சேரும். நடுவில் 15-வது கிலோமீட்டரில் குளோரின் கூட்ட ஒரு அறைக்கு இடம் இப்போதே வாங்கிவையுங்கள்.

குழாய் பதிக்கும் மாதங்களும் பணக் கணக்குதான். ஆறும் வாய்க்காலும் குறுக்கிடும் இடங்களில் தண்ணீர் ஓடாத காலம் பிப்ரவரியிலிருந்து மே முடியும் வரை மட்டும். ஜூலையில் பணி ஆணை கொடுத்தால் அந்த வருஷம் சமதரையில் கொஞ்சம் நகரும், குறுக்கீடுகள் அடுத்த பிப்ரவரிக்குப் போகும்; ஒப்பந்தக்காரர் விலை உயர்வு கேட்பார், கட்டுமான கால வட்டி ஏறும். டிசம்பருக்குள் டெண்டர் முடிந்து, பொங்கலுக்குள் குழாய் வந்து இறங்க வேண்டும். பிப்ரவரியில் வயலில் சம்பா தாளடித் தரிசில் உளுந்தும் பயறும் நிற்கும். வயல் வழியே போனால் அதற்கு இழப்பீடு மதிப்பீட்டில் இருக்க வேண்டும். நெல் இல்லையே என்று விட்டுவிடுகிறார்கள்.

களிமண்ணில், நீர்மட்டம் உயர்ந்த நேரத்தில் பதித்த காலிக் குழாய் மிதக்கும். 500 மில்லிமீட்டர் குழாய் ஒரு மீட்டருக்கு சுமார் 196 கிலோ தண்ணீரைத் தள்ளுகிறது. குழாயின் எடை 42 கிலோதான். மீட்டருக்கு 150 கிலோவுக்கு மேல் மேல்நோக்கித் தள்ளும். சேறாகக் கிடக்கும் மண்ணை மேலே தள்ளி மூடிவிட்டுப் போனால் முதல் மழைக்குப் பிறகு சாலையோரம் கரு நாகம் மாதிரி எழுந்து கிடக்கும். பதிக்கப் பதிக்கத் தண்ணீர் நிரப்ப வேண்டும், பக்கவாட்டில் மணல் போட்டு இறுக்க வேண்டும், வாய்க்கால் அடியில் கான்கிரீட் பளு வைக்க வேண்டும். பணம் கொடுப்பதையும் இதோடு கட்டுங்கள்: குழாய் வந்து இறங்கினால் 50 சதவீதம், பதித்தால் 25, அழுத்தச் சோதனை முடிந்தால் 15, ஓடினால் 10. இறங்கியவுடனே 80 சதவீதம் கொடுத்துவிட்டால் குழாய் மட்டும் சாலையோரம் வெயிலில் கிடக்கும்.

இரண்டு ஊர் மட்டும் கையெழுத்திட்டால் போதாது. நெடுஞ்சாலைத் துறையின் சாலை வெட்டு அனுமதி, நீர்வளத் துறையின் குறுக்கீட்டு அனுமதி, ரயில் பாதைக்கு ரயில்வே அனுமதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு ஆகியவற்றின் கட்டணங்களைப் பொதுச் செலவாக்குங்கள். வழியில் உள்ள ஊராட்சிகளை ஆரம்பத்திலேயே கூப்பிடுங்கள். "எங்கள் ஊர் வழியே போகிறது, எங்களுக்கு ஒரு குழாய்" என்று கேட்பது நியாயம்தான். ஆனால் தெருக் குழாயாகக் கொடுத்தால் யாராவது குடிப்பார்கள். ஊருக்கு வெளியே பூட்டுப் போட்ட நிரப்பு முனை, கட்டட வேலைக்கும் மரங்களுக்கும் என்று எழுதிய பலகையோடு, போதும். குழாய்க்கு ஊதா நிறப் பட்டை, குடிநீர்க் குழாயிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி. கோயில் குளத்தை நிரப்பக் கேட்பவர்கள் வருவார்கள். மறுத்துவிடுங்கள். பக்தர்களின் நம்பிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும், நீரில் மிச்சமிருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஒரே கோடையில் குளத்தைப் பச்சைக் கஞ்சியாக்கிவிடும்.

இன்னொரு கட்சி கூட்டத்துக்கு அழைக்கப்படாமலே இருக்கிறது. தலைமடை நிலையத்திலிருந்து வெளிவரும் நீர் இப்போது ஏதோ ஒரு வடிகாலில் விழுகிறது. கோடையில் அந்த வடிகாலில் என்ஜின் வைத்து உளுந்துக்கும் பருத்திக்கும் இறைப்பவர்கள் இருக்கிறார்கள். காகிதத்தில் அவர்களுக்கு ஆயக்கட்டு கிடையாது, வயலில் இருக்கிறது. குழாய் ஓடத் தொடங்கிய முதல் ஏப்ரலில் வடிகால் வறண்டால் மறியல் தலைமடை ஊரில்தான் நடக்கும். எனவே வடிகாலில் விட வேண்டிய குறைந்தபட்ச அளவை முதலில் கழித்துவிட்டு, மீதியைத்தான் ஒப்பந்த அளவாக எழுத வேண்டும். 9 எம்.எல்.டி. வரத்தில் ஒன்றரை அங்கே போனால், பேச மிச்சம் ஏழரைதான், 10 எம்.எல்.டி. குழாய் என்ற பேச்சே அங்கே திருத்தப்படும்.

தலைமடை ஊர் தண்ணீருக்கு உரிமைத் தொகை கேட்கும். நாக்பூர் மாநகராட்சி கோரடி மின்நிலையத்துக்குக் கொடுக்கும் நீருக்குப் பணம் வாங்குவதை எடுத்துக்காட்டுவார்கள். நாக்பூருக்கு எதிரே வருஷம் முழுக்க ஓடும் பெரிய மின்நிலையம் நிற்கிறது. நமக்கு அப்படி இல்லை. கடன் முடியும் வரை உரிமைத் தொகை இல்லை, கொள்ளளவில் 70 சதவீதத்துக்கு மேல் எடுக்கும் வருஷங்களில் மட்டும் கிலோலிட்டருக்கு ஒரு சின்னத் தொகை என்று வைத்தால் இருவருக்கும் நஷ்டமில்லை.

ஒப்பந்தக் காலம் கடன் காலத்தைவிட ஐந்து வருஷமாவது நீள வேண்டும். 15 வருஷக் கடனுக்கு 20. இடையில் தலைமடை ஊரே வளர்ந்து தன் தண்ணீரைத் திரும்பக் கேட்டால்? பத்தாவது வருஷத்துக்கு முன் கேட்க முடியாது. கேட்டால் இரண்டு வருஷ முன்னறிவிப்பு. திரும்ப எடுக்கும் ஒவ்வொரு எம்.எல்.டி.க்கும், கடைமடை ஊர் குழாயில் போட்ட பணத்தில் இன்னும் தேயாத பங்கைத் தலைமடை கட்ட வேண்டும். நம் கணக்கில் கடைமடை போட்டது 53.2 கோடி, எட்டு எம்.எல்.டி.க்கு. எம்.எல்.டி.க்கு 6.65 கோடி. குழாயின் ஆயுள் 30 வருஷம் என்று எடுத்தால் பத்தாவது வருஷத்தில் 4.43 கோடி நிற்கும். கடைமடை கொண்டுவந்த மானியத்தை இதில் கழிப்பதா வேண்டாமா என்பதையும் இன்றே எழுதிவிடுங்கள், அன்று உட்கார்ந்திருக்கப்போகும் ஆணையர்கள் இருவருக்கும் இந்தப் பேச்சு எதுவும் தெரிந்திருக்காது.